தியாமிகேயிடம் கேட்ட கேள்வி

அன்பு மகன் லிம்பானிக்கு, ஜோகன்னஸ்பர்க்கில் நீ சுகமாகக் கண்விழித்திருந்தால் இங்கே முலாஞ்சேயில் நாங்களும் சுகமாகவே கண்விழித்தோம். துவரை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. உன் தங்கை தியாமிகேதான் முன்னைப் போலவே இருக்கிறாள், பள்ளிக்கூடம் போய் இரண்டு மாதம் ஆகிறது, சோளக்களியில் ஒரு கிள்ளு எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள்.

ஆஸ்பத்திரியில் வாலிபப் பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு எந்த வைத்தியம் கேட்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச்சு, சிலருக்கு இரண்டும். யாருக்கு எது என்று டாக்டர் சொல்ல மாட்டாராம், மூடிய உறையைப் பிரித்தால் அதில் இருக்குமாம். நீயே சொல், வியாதியைப் பார்த்து மருந்து கொடுப்பார்களா, உறையைப் பார்த்தா? கேட்டதற்கு, தியாமிகேயை அதில் சேர்க்கச் சொல்லி வீட்டுக்கு வந்த ஆராய்ச்சிப் பெண், எது நல்லா கேக்குதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா, அதைக் கண்டுபிடிக்கத்தான் இது என்றாள். தெரியாது என்பவளிடம் பிள்ளையை எப்படி ஒப்படைப்பது? சோப்பு வேறு சும்மா கொடுக்கிறார்கள். சும்மா கொடுப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பயம்.

இதில் உன் அப்பா செய்த கூத்தைக் கேள். அவள் நீட்டிய சம்மதக் காகிதத்தில் அவரே கையெழுத்துப் போட்டுவிட்டார். நம் வீட்டோடு வந்து இருக்கும் மனுஷருக்கு, நம் வழக்கப்படி பிள்ளைகள் விஷயத்தில் தாய்மாமனான என் அண்ணன் சொல்தான் என்று தெரியாதா? அந்தப் பெண் வடக்கத்திக்காரி, அவர்கள் பக்கம் அப்பன் சொல்தான் எல்லாம், அவள் கேட்டாள், இவரும் பெருமையாகப் போட்டுவிட்டு மறுநாளே தியாமிகேயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கச்சிங்வே மாமா தீயாக வந்தார். எந்தங்கச்சி மகள யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தான், அந்தக் காகிதத்தக் கிழிச்சுட்டுத்தான் மறுவேலை என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அதற்குள் அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மறைத்துப் பேச என்ன இருக்கிறது என்று நாங்கள் ஜன்னலோரம் நின்று காது கொடுத்தோம், தப்புத்தான். செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது, பிள்ளை நினைக்காததை இவளே கிளப்பிவிடுகிறாளே என்று கதவை இடிக்கப் போனேன். அதற்குள் உன் தங்கை, ஆமாக்கா, தினமும் தோணுது, இதுவரைக்கும் யாரும் கேக்கல என்றாள்.

மாமா காகிதத்தைக் கிழிக்கவில்லை, உள்ளே போய் அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். உறையைப் பிறகு பார்க்கலாம் என்று அன்றைக்கே டாக்டர் அவளைப் பார்த்தார். இப்போது அவளைத் தனியே விடுவதில்லை, என் பாயிலேயே படுக்கிறாள். அந்த உறையை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் பெற்றவள் நான் கேட்காததை எவளோ ஒருத்தி கேட்டாளே என்று வெட்கமாக இருக்கிறது.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும், குளிரில் கம்பளிச் சட்டை போட்டுக்கொள். ஒன்று மறக்காதே, நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் சுகம் சுகம் என்றுதான் எழுதுகிறாய். உனக்கும் அப்படித் தோன்றியதுண்டா? உண்டென்றால் உண்டு என்று எழுது, நான் கோபப்பட மாட்டேன்.

உன் அம்மா
எனிஃபா