உங்கள் காருக்கு மண்ணெண்ணெய் விட்டுவிட்டேன்

இஞ்சாருங்கோ,

கோபிக்காமல் கேளுங்கள். உங்கள் மொரிஸ் மைனருக்கு மண்ணெண்ணெய் விட்டுவிட்டேன். "என்ரை உயிர் இருக்குமட்டும் அதுக்குள்ளை மண்ணெண்ணெய் போகாது" என்று இணுவில் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிப்போட்டுத்தான் போனீர்கள். நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே.

சண்டைத் தடையால் நின்ற பெற்றோல் இன்னும் வரவில்லை. நீங்கள் போன நாளிலிருந்து கார் கொட்டகைக்குள் செங்கல் மேல் நின்றது. வருத்தக்காரரையும் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் கரியரில் வைத்துத்தான் உழக்குகிறார்கள். போன வாரம் உங்கள் தம்பி வந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஒருவருக்கு எஞ்சின் வேண்டுமாம், வெள்ளிக்கிழமை ஆளோடு வந்து கழற்றுகிறேன் என்றார். கழற்ற வேண்டாம், உங்களைப்போல நானே வாடகைக்கு ஓட்டி ஹயர் பிடிக்கப்போகிறேன் என்றேன். சிரித்தார். வெள்ளிக்கு முதல் ஓடினால் கார் எனக்கு, ஓடாவிட்டால் எஞ்சின் தோட்டத்துக்கு என்று தீர்ப்பும் சொன்னார். கலியாணத்துக்கு முதலே நான் லைசன்ஸ் எடுத்தவள் என்று உங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நீங்கள் ஒரு நாளாவது ஸ்டியரிங்கைத் தந்திருந்தால் அல்லவா ஞாபகம் இருக்கும்?

எங்கள் பின்வளவில் இப்போது சவிரி என்ற குருநகர்க்காரர் குடும்பத்தோடு இருக்கிறார். சண்டையில் வீட்டையும் படகையும் விட்டுவிட்டு வந்தவர். ஆயுள் முழுக்கப் படகு எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டிய மனிதர். அவர்தான் எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் காபரேற்றரைக் கழற்றி என் சோற்றுத் தட்டில் பரப்பினார். பழைய பெற்றோல் காய்ந்து உள்ளே கோந்துபோல ஒட்டியிருந்தது. அதன் ஊசியையும் மிதவையையும் நான் கழுவினேன், மூட்டுக் கசியாமல் இருக்க நாட்காட்டி மட்டையில் அடைப்பு வெட்டினேன். ஓடும்போது சூடாகும் புகைக்குழாயில் எண்ணெய்க் குழாயைச் சுற்றிவிட்டார் சவிரி. மண்ணெண்ணெய் சூடேறிப் போனால்தான் எரியுமாம். எங்கோ தேடிப் பிடித்த துளிப் பெற்றோலை மூக்கு மருந்துப் போத்தலால் பீச்சிவிட்டுத் திருப்பினோம். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்படி அழுதேன், சவிரி பயந்துபோனார்.

வியாழக்கிழமை வெளியே எடுத்தேன். ஓட்டத்தில் குறையே இல்லை. சந்தியில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிட்டது. மூன்று சந்தி, மூன்று தரமும் அதே கதை. கடைசியில் சவிரி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "கடலிலை சந்தி இல்லையே அக்கா. நாங்கள் கரையிலை இருந்து வெளிக்கிட்டா ஒரே ஓட்டம்தான்." அந்த மனிதர் முழு வேகத்துக்கு மட்டும் சரிபார்த்து வைத்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பதா, தலையில் அடிப்பதா என்று தெரியவில்லை. விடிந்தால் வெள்ளி.

இவ்வளவு நாளும் மறைத்ததைச் சொல்கிறேன், மன்னியுங்கள். உங்களுக்குக் காது மந்தம். தெரிந்தால் ஹயர் குறைந்துவிடும் என்று நீங்கள் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. பதினைந்து வருடம் காலை காலையாகத் திருகாணியைத் திருகிக்கொண்டு "இப்ப எப்பிடி?" என்பீர்கள், நான் குசினிக்குள் இருந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டு "இன்னும் கொஞ்சம்" என்பேன். ஊர் உங்களை எஞ்சின் வைத்தியர் என்றது. என் பெயரை ஒரு தரமாவது சொன்னீர்களா? செத்தவரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்பார்கள். நாங்கள் பிடிக்காத சண்டையா?

அன்று பின்னேரம் சவிரி திருகினார், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். காபரேற்றரின் அடி நட்டைக் கால் சுற்று மேலே ஏற்றச் சொன்னேன், திருகாணியைக் கொஞ்சம் இறுக்கச் சொன்னேன். வேகம் கூடிவிட்டது, திரும்ப இளக்கினோம். ஒரு இடத்தில் "கையை எடுங்கோ" என்றேன். உங்கள் நாளைய சத்தம் இல்லை அது, தடிமன் பிடித்த குரல் மாதிரிக் கரகரத்தது. ஆனால் எஞ்சின் நிற்காமல் நின்ற இடத்திலேயே ஓடியது.

வெள்ளி காலை, அடுத்த ஒழுங்கைத் தச்சர் கூரையால் விழுந்து கால் முறிந்துபோனார். கரியரில் இருக்க முடியாத மனிதர். சவிரி தூக்கிப் பின்சீற்றில் படுக்கவைத்தார். மானிப்பாய் வரைக்கும் எல்லாச் சந்தியிலும் காலை எடுத்தேன், கார் நிற்கவில்லை. திரும்பி வரும்போது வெறும் கொட்டகைக்கு முன்னால் உங்கள் தம்பியும் அந்தத் தோட்டக்காரரும்.

"எங்கையேன் நிண்டதோ மச்சாள்?"

"ஓம். ஆஸ்பத்திரி வாசலிலை. நான்தான் நிப்பாட்டினனான்."

தோட்டக்காரரை அனுப்பிவிட்டு, தேத்தண்ணி கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். தச்சரின் கால் பொருந்திவிடுமாம். நாளைக்கும் இரண்டு பேர் சொல்லிவைத்திருக்கிறார்கள். பெற்றோல் வருகிற அன்று எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஒன்றைத்தான் சொல்ல மனம் வரவில்லை. வியாழன் வரை உங்கள் இருக்கையை நான் அசைக்கவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன், கால் நுனிதான் எட்டியது. பின்னால் ஒருவர் வலியில் கத்தும்போது அப்படி ஓட்ட முடியுமா? வெள்ளி காலை முன்னுக்கு இழுத்துவிட்டேன். துருப்பிடித்திருந்தது, நானும் சவிரியும் சேர்ந்து இழுத்தோம்.

இனி அதைப் பின்னுக்குத் தள்ளமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கடை மனுசி,
இராசமலர்