வீட்டில் வேறு யார்?

தாமுவே, ரங்கூன்
6 ஜூலை 2025

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

உன் நலமும் கலா, பேரன் நலமும் அறிய ஆவல். போனில் நான் ‘ம்’ மட்டும் சொல்கிறேனாம், அதைக் கேட்கப் போன் எதற்கு, எழுதத் தெரிந்தால் எழுதுங்கள் என்று வைத்துவிட்டாய். எழுதுகிறேன். துணி எடுக்கச் சென்னை வரும் பர்கத்துல்லா பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கலாவின் பிரசவத்துக்கு என்று நீ போய் ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. பிள்ளை ஓட ஆரம்பித்துவிட்டான் என்கிறாய். உனக்குத்தான் இன்னும் பிரசவம் முடியவில்லை போலிருக்கிறது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. தலையணையில் தலை படுமுன் குறட்டை விடுகிறேன் என்பாயே, அந்த ஆள் விடிய விடிய விழித்துக் கிடக்கிறான். பாய் சொல்லி லத்தா சீனத்தெருவில் ஒரு சீன வைத்தியரிடம் போனேன். பெண்தான். எல்லோரும் சயாமா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நாடி பிடித்தார். பிறகு ஒரு பெட்டியில் தாடையை வைத்து நாக்கை நீட்டச் சொன்னார். உள்ளே வெள்ளை விளக்கும் கேமராவும். என் நாக்கு திரையில் முறம் அளவுக்குத் தெரிந்தது. அப்புறம் சட்டையைக் கழற்றி நிற்க வைத்து உடம்புச் சூட்டைப் படம் எடுத்தார்கள். நெஞ்சு சிவப்பு, கால் நீலம். நெஞ்சின் நெருப்பு கீழே இறங்கவில்லை, சிறுநீரகத்தின் தண்ணீர் மேலே ஏறவில்லை, இரண்டும் பேசிக்கொள்வதில்லை என்றார். நாக்கில் வெள்ளைப் படிவே இல்லை, உடம்பில் ஈரம் வற்றிவிட்டது என்று கஷாயம் கொடுத்திருக்கிறார். கசப்பு தாங்கவில்லை.

அட்டை எழுதும்போது வீட்டில் வேறு யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன்.

நாடு இருக்கும் நிலையில் உன்னை வா என்று கூப்பிட வாய் வரவில்லை. தீபாவளிக்கு வருவாயா மாட்டாயா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
தனசேகரன்


வியாசர்பாடி, சென்னை
24 ஜூலை 2025

கலா அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாய் கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய லபெட்டும் கொடுத்தார். ஊறவைத்த தேயிலையைக் கண்டதும் மருமகன் வீட்டில் அடிதடி. பர்மாவை விட்டு வந்து இத்தனை வருடம் ஆகியும் சம்பந்தி வீட்டுக் கிழவர்களுக்கு இன்னும் ரங்கூன் நாக்கு.

நெஞ்சும் சிறுநீரகமும் பேசிக்கொள்வதில்லை என்று கண்டுபிடிக்கக் கேமரா வேண்டுமா? நம் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டிருந்தால் அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கும். நாக்கை வேறு நீட்டினீர்களா? ஒரு நாள் நான் சீன வைத்தியப் பேச்சை எடுத்தபோது, “சீனங்கிட்ட போயி நாக்க நீட்டுவாங்களாக்கும்” என்று சிரித்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது.

இந்தத் தெருவில் காது குத்து என்றாலும் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். ஆனாலும் படுத்ததும் தூங்கிவிடுகிறேன். இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதினேன்.

தீபாவளியைப் பற்றி இப்போது சொல்லத் தெரியவில்லை. கால் நீலமாக இருந்தால் காலுறை போடுங்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

மஞ்சுளா


தாமுவே
7 செப்டம்பர் 2025

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

இங்கே கைபேசிக்குப் பல நாள் சிக்னல் கிடைப்பதில்லை என்பதால் சயாமாவிடம் வேலை செய்யும் பெண் இந்தத் தடவை நம் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டாள். தட்டியதும் கணினியில் இன்னொரு அட்டை திறந்தது. பர்மிய மரியாதையோடு டோ மஞ்சுளா, தாமுவே, 2019, மூன்று தடவை. தூக்கமின்மை.

திரையில் ஒரு நாக்கு. இடது ஓரத்தில் வெட்டுத் தழும்பு. சிறு வயதில் படியில் விழுந்து கடித்துக்கொண்டேன் என்று கல்யாணமான புதிதில் எனக்குக் காட்டினாய். முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு அதை மறுபடி அங்கே வைத்துப் பார்க்கிறேன்.

சயாமா அவசரமாக மூடப் போனார். என் மனைவி என்றேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் வேறு யார் என்ற இடத்தில், யாரும் இல்லை என்று இருந்தது.

2019இல் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில்தான் இருந்தேன் மஞ்சுளா. உனக்கு எதிர் நாற்காலியில் இருந்தேன்.

அதன் கீழே இன்னொரு குறிப்பு. இவர் காலையில் நாக்கை வழித்துவிட்டு வருகிறார், படத்தை நம்ப வேண்டாம். “நீங்களும் வழிக்கிறதுண்டா?” என்று சயாமா கேட்டார். நம்மவர்களில் வழிக்காதவர் யார்? வைத்தியர் பார்க்கப் போகிறார் என்று நான் இரண்டு தடவை வழித்துவிட்டல்லவா போனேன். இரண்டு மாதக் கஷாயமும் வழித்த நாக்குக்குக் கொடுத்ததுதான். பத்து நாள் வழிக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ சொல்லியிருப்பாய். நான் ‘ம்’ என்றிருப்பேன்.

தனசேகரன்


தாமுவே
21 செப்டம்பர் 2025

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

தபாலில் போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பாய் கிளம்புகிறார் என்று மறுபடி எழுதுகிறேன்.

வழிக்காத நாக்கைப் படம் எடுத்தார்கள். இந்த வயதுக்கு நல்ல நாக்காம். கஷாயத்தை நிறுத்திவிட்டார். “குடுக்க எங்கிட்ட மருந்து இல்ல. முழிச்சுக்கிட்டு என்னதான் செய்றீங்க?” என்றார். “எதாச்சும் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டு இருப்பேன்” என்றேன். என்ன சத்தம் என்று கேட்டார். அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் கூண்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் நீ பேசிக்கொண்டே இருப்பாய். சந்தை, கலா பள்ளிக்கூடம், மாடிவீட்டுக்காரி. அந்தக் குரலில்தான் எனக்குத் தூக்கம் வந்தது. அதை ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருக்க முடியவில்லை.

தனசேகரன்


வியாசர்பாடி
9 அக்டோபர் 2025

கலா அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. ஆமாம், வீட்டில் யாரும் இல்லை என்றுதான் சயாமாவிடம் சொன்னேன். கேட்டதும் அதுதான் வாயில் வந்தது.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே குறட்டை கேட்கும். மீதியை எனக்கு நானே சொல்லிக்கொண்டு விடியும்வரை கிடப்பேன். உங்களுக்கு அது தாலாட்டாம். படித்ததும் கோபம் வந்தது. கலா பார்க்காமல் குளியலறைக்குப் போய் அழுதேன். அன்று இங்கே வந்தபின் முதல் தடவையாக எனக்குத் தூக்கம் வரவில்லை.

தீபாவளிக்கு வரமாட்டேன். பொங்கலுக்கும் எதிர்பார்க்க வேண்டாம். கலாவின் மாமியார் நான் ஒன்று சொன்னால் இரண்டு சொல்கிறாள், சண்டைக்கு வருகிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கடிதம் எழுதுவதை நிறுத்தாதீர்கள். நாக்கை வழியுங்கள், வாய் நாறும். சயாமாவைப் பார்க்கப் போனால் உங்கள் அட்டையில் வீட்டில் வேறு யார் என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

என் அட்டையைத் திருத்தச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு அதுதான் உண்மை.

மஞ்சுளா