இலையில்லாத செடியும் அத்தையின் மணிக்கட்டும்

பாசமுள்ள வடிவக்காவுக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. பெரியத்தான் உங்கள் மகனோடு வேளச்சேரிக்குக் குடிபோய்விட்டார். மயிலாப்பூர் வீட்டில் இப்போது நான், உங்கள் கொழுந்தன், அத்தை, மூன்று பேர்தான். அவர் காலையில் தி. நகர் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவார்.

அத்தைக்கு ஞாபகம் போய்விட்டது அக்கா. போன ஐப்பசியில் தெருவில் இறங்கி நடந்துவிட்டார். லஸ் கார்னரில் யாரோ பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து வாசல் கிரில்லுக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். கோயில் நாலு தெரு தள்ளித்தான், ஆனால் பங்குனித் திருவிழாவின் மேளச் சத்தம் மட்டும்தான் இந்த வருடம் எனக்குக் கிடைத்தது.

திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், கொல்லையில் உங்கள் சப்போட்டா மரத்தடியில், சருகுக்குள்ளிருந்து ஒரு தண்டு கிளம்பியது. பேருக்கு ஒரு இலைகூட இல்லை. முழங்கால் உயரம் வந்து மொட்டு விட்டுப் பூத்தது. பச்சை இதழ்கள், நடுவில் ஊதாக் கோடு போட்ட வெள்ளை நாக்கு. நீங்கள் வைத்ததா? எப்போது வைத்தீர்கள்?

ஃபோனில் படம் எடுத்துத் தேடினால் ஒருமுறை வெங்காயப் பூ என்றது, மறுமுறை வேறு என்னவோ. பக்கத்து வீட்டு மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் மாமி, கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஆர்க்கிட்னா இது! இலையே விடாம, மண்ணுல இருக்கற பூஞ்சையை நம்பிப் பிழைக்கற ஜாதி ஒண்ணு உண்டு. பூத்துட்டு அப்புறமா இலை விடற ஜாதியும் உண்டு. கிழங்கைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். அவசரப்பட்டுத் தோண்டிடாதேம்மா, பூ முடியட்டும்."

தினமும் மாத்திரை கொடுத்து அத்தை கண் அயர்ந்ததும் போய்ப் பார்ப்பேன். இன்றைக்கு எத்தனை மொட்டு விரிந்தது என்று மாமியிடம் சொல்வேன். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

போன செவ்வாய்க்கிழமை பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் அத்தை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் அந்தச் செடி, வேரோடு.

"களை மண்டிக் கெடக்கு. ஒருத்தரும் பாக்க மாட்டிய," என்றார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன் என்று சொன்னால் போதாது. எலும்பு என் விரலுக்குத் தெரிந்தது, அப்போதும் விடவில்லை. அத்தை என் முகத்தைப் பார்த்தார். நீங்கள்தான் நிற்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "வடிவு, சின்னவ என்னைய அடிக்கா. நீ கேக்க மாட்டியா?"

உங்களிடம் வந்த புகார் அக்கா. அதைச் சேர்க்கத்தான் இந்தக் கடிதம்.

சத்தம் கேட்டு மாமி சுவரோரம் வந்தார். அத்தை கையிலிருந்த செடியை வாங்கி அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிழங்கு பச்சையா இருக்கு பாரு. தன் சாப்பாட்டைத் தானே பண்ணிக்கற செடி. இலை இனிமே வரும். யூலோஃபியா இது. புதர்க்காட்டுல வளர்றது. விதை தூசி மாதிரி இருக்கும், காத்துல வந்திருக்கும். யாரும் வச்சிருக்க மாட்டா."

எத்தனை நாள் காத்திருந்த பெயர். காதில் விழுந்தது, அவ்வளவுதான். அத்தை பின்னால் நின்று கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கிழங்கைத் திரும்ப மண்ணில் வைத்தேன். பிழைக்குமா, தெரியவில்லை.

மறுநாள் காலையில் உங்கள் கொழுந்தன், "அம்மா கை ஏன் கன்னிப் போயிருக்கு?" என்று கேட்டார். "கதவுல இடிச்சிருப்பாங்க," என்றேன். சரி என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். அவர் உடனே நம்பியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை நடந்தாலும் நம்புவார்.

படுக்கையில் கிடந்த மாமனாரை நீங்கள் நான்கு வருடம் பார்த்தீர்களே. உங்களுக்கு ஒருநாளாவது கை ஓங்கத் தோன்றியதா? அப்போது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியத்தானை வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் தம்பி இருவரையும் உட்கார வைத்து, அத்தையின் கையைக் காட்டி, "கதவு இல்ல, நான்தான். இனிமே என்னால தனியாப் பாக்க முடியாது" என்று சொல்வேன். என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தாலும் சரி, அந்தக் காயம் ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தி
பொன்னுத்தாய்