சூட்டு வலி என்றார்கள்

எம்.ஆர்.ஐ. அறையின் கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்தத் தடதட சத்தம் வெளியே வந்துவிடுகிறது. இன்று சிதம்பரத்தில் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் பள்ளிக் கபடி அணிப் பெண். பக்கத்தில் இருந்த அவள் அம்மா, "டீச்சர், கர்ப்பப்பையில ஒண்ணும் இருக்காதே?" என்று கிசுகிசுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே என் அம்மாவின் கேள்வி. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத் தொடை இடுக்கில் வலி என்றால் யார் அப்படியே சொல்கிறார்கள்? அடிவயிறு என்பார்கள். நானும் அதையேதான் சொன்னேன். மாநிலக் கபடி அணித் தேர்வுக்காகக் குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர் சாலையில் நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அம்மா சூட்டு வலி என்று முடிவுகட்டி, மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தார். அதற்கும் அடங்காததால் யாருக்கும் தெரியாமல் கடலூருக்குக் கூட்டிப்போய் வயிற்று ஸ்கேன் எடுத்தார். எல்லாம் நார்மல். நார்மல் என்றதும் மறுபடி ஓடினேன். படி இறங்கினால் உயிர் போகும்.

பள்ளியில் என்னோடு ஒரே அணியில் ஆடிய நீ, அப்போது சிதம்பரத்தில் ஸ்கேன் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாய். லீவில் வந்த அன்று, நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்ததுமே உன் முகம் மாறிவிட்டது.

"என்னாடி, கால இழுக்குற?"

"அடிவயிறு வலிடி."

"வயித்து வலிக்கு எவடி நொண்டுவா? வெக்கத்தத் தூக்கிக் கெடப்புல போடு. எந்த எடம், காட்டு."

காட்டினேன். எதற்கெடுத்தாலும் கேலி பேசும் நீ, கேலியை விட்டு அன்றே என்னையும் அம்மாவையும் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனாய். எனக்கு அதிலேயே பயம் வந்துவிட்டது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "ஆரம்பத்துல எக்ஸ்ரே காட்டாது அத்தே" என்று நீ விடாப்பிடியாக உன் பேராசிரியரிடம் போய் நின்றாய். எம்.ஆர்.ஐ. படத்தில், தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் மெல்லிய கறுப்புக் கோடு. சுற்றிலும் வெள்ளையாக வீக்கம். ஓடி ஓடி எலும்பிலேயே கீறல் விழுந்திருந்தது.

"கர்ப்பப்பை நல்லாருக்கு அத்தே. எலும்புலதான் விரிசல். கொஞ்ச நாளைக்குக் கட்ட ஊனித்தான் நடக்கணும். இன்னும் ஓடுனா நகந்துடும். அப்புறம் ஆபரேஷன்தான், காலம் பூரா நொண்டல்தான்."

"கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு. கட்ட ஊனிக்கிட்டுத் தெருவுல போனா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"கால் போயி மணவறையில ஒக்காந்தா மட்டும் நல்லா சொல்லுவாங்களா?"

அம்மா அழுதுவிட்டார். ஆனால் மறுநாள் அவரே போய் ஊன்றுகோல் வாங்கிவந்தார். தேர்வு கைவிட்டுப் போயிற்று. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ காடாம்புலியூர்ப் பலாச்சுளையைக் கிண்ணத்தில் நீட்டி, "தின்னுட்டுத் திட்டு, தெம்பு வேணும்ல" என்றாய். பாவி, அழுகையிலும் சிரிக்க வைத்தாய்.

இன்றைய பெண்ணுக்கு எலும்பு தப்பித்தது. தொடையின் உள்பக்கத் தசை இடுப்பெலும்போடு சேருமிடத்தில் சின்னக் கிழிசல்; ஓய்வெடுத்தால் ஆறிவிடும். அவள் அம்மாவுக்கு நானே எடுத்துச் சொன்னேன். உன் அளவுக்கு எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

சொல்லாமல் கொள்ளாமல் மாரடைப்பில் போய்விட்டாயே, எதிலும் அவசரம் உனக்கு. அன்று உன் வீட்டில் நாற்காலி போட்டு, "எவ்ளோ நேரம் நிப்ப, ஒக்காரும்மா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. நீ காப்பாற்றிக் கொடுத்த கால்கள். உன்னை எடுக்கும்வரை நின்றேன்.