உனக்கு நாலு வயது என்று எழுதினார்கள்

அம்மணி,

ரேஷன் கார்டைத் தேடி இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தேன். அந்துருண்டை வாசனையோடு உன் சான்றிதழ் விழுந்தது. ‘மன வயது நான்கு. பேச்சில் பொருள் இல்லை.’ உனக்கு அப்போது முப்பத்தொன்று. அந்த இரண்டு வரிகளையும் நான் ஏற்கவில்லை; இனியும் ஏற்கப்போவதில்லை. படுத்துவிட்ட நம் அம்மாவுக்கு ஆறு மாதம் கஞ்சி ஊட்டியது நாலு வயதுப் பிள்ளையா?

அம்மா இறந்த பதினாறாம் நாள். பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சமையலறையிலிருந்து அம்மாவே கூப்பிட்டாள்: “ஏனுங்க, வாரீங்களா, சோறு ஆறுதுங்க.” அதே இழுப்பு, அதே கம்மிய தொண்டை. இலையில் வைத்த கைகள் அப்படியே நின்றன. அப்பா எழுந்தேவிட்டார். உள்ளே நீ மட்டும் சுவரைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாய். உனக்குப் பசித்திருந்தது. கேட்ட வாக்கியத்தைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வதுதான் சின்ன வயதிலிருந்து உன் பேச்சு. வேறு பேச்சு உன்னிடம் இல்லை.

மறுவாரமே போத்தனூரில் நம் வீட்டுக்குத் தேங்காய் பழத்தோடு ஆட்கள் வந்தார்கள். “ஆத்தா எறங்கியிருக்குதுங்க, வாக்குக் கேட்டுப்போட்டுப் போயர்றோம்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தன் மகளுக்கு எப்போது தாலி கூடும் என்று கேட்டாள். “கதவச் சாத்து, பூனை வருது” என்றாய், அம்மாவின் குரலில். கூட்டத்தைக் கண்டு மிரண்டிருந்தாய், அவ்வளவுதான். அவளோ அதையே வாக்காக எடுத்துக்கொண்டு, கைகூடி வந்த சம்பந்தத்தை நிறுத்திவிட்டாள். எல்லோரையும் துரத்தினேன். “சாமியவே தொரத்துறாருங்க இந்த மனுசன்” என்று திட்டிக்கொண்டே போனார்கள்.

சாமியுமில்லை, பேயுமில்லை என்று எழுத்தில் வாங்கிக் காட்டத்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சோதிக்கும் டாக்டரம்மா மரக்கட்டைகளைப் பரப்பி, அடுக்கச் சொன்னார். நீ மேஜைக்கடியில் புகுந்துகொண்டு, “லைட்ட நிறுத்திப்போடு கண்ணு, கூசுது” என்றாய். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நம் அம்மா சொல்லிவந்தது அது. “கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்களே” என்று அவர் எழுதிக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. “கேட்டதுக்குப் பதில் சொல்லுடி!” என்று கத்தினேன்.

தலைக்கு மேல் ட்யூப்லைட் துடித்துக்கொண்டிருந்தது. நான் மோட்டார் வைண்டிங் வேலைக்காரன். ஓடாத மோட்டார் எது வந்தாலும், கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்காமல் கழற்றியதில்லை. அன்று பார்க்கவில்லை.

ஒருநாள் வீட்டு லைட்டும் அப்படித் துடித்தது. நீ அதையே சொன்னாய். நிறுத்தினேன். உன் தோள்கள் இறங்கின. வந்து உட்கார்ந்து, நான் கம்பி சுற்றும் காயில் அச்சுகளை அளவு பார்த்து அடுக்கினாய். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“ஏனுங்க, அந்த லைட்ட நிறுத்திப்போட்டு மறுக்காக் கேட்டுப் பாருங்க.”

“டெஸ்ட்டுன்னா எல்லாத்துக்கும் ஒரே மாதிரித்தானுங்கண்ணா.”

“அப்ப நீங்க அளந்தது ட்யூப்லைட்டத்தானுங்க” என்றேன். வெளியே போகச் சொன்னார்கள்.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில்தான் ஆட்டிசம் என்ற சொல்லைக் கண்டேன். அது உள்ளவர்களுக்குள் ஓர் அதிசயத் திறமை ஒளிந்திருக்கும் என்றது ஒரு புத்தகம். பாசம் தெரியாதவர்கள் என்றது இன்னொன்று. இரண்டையும் பேனாவால் அடித்தேன்.

அடிக்க முடியாதது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு, நீ பயந்தபோதெல்லாம் உன் வாயிலிருந்து என் குரல் வந்தது. இடிக்கும் அதுதான், ஊசிக்கும் அதுதான்: “கேட்டதுக்குப் பதில் சொல்லுடி!” முதல் தடவை, எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அதற்கு மாற்றாக ஒரு வாக்கியம் தர நினைத்து, தினமும் உன் கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்: “பயப்படாத அம்மணி, அண்ணன் இங்கதான் இருக்கறேன்.” மூன்று வருடம் சொன்னேன். நீ திருப்பிச் சொல்லவேயில்லை. உன்னைக் கொண்டுபோன கடைசிக் காய்ச்சலிலும் என் அதட்டல்தான் வந்தது.

இப்போதும் வேலை முடிந்து கை கழுவியதும், காலிக் கட்டிலோரம் உட்கார்ந்து அதைச் சொல்கிறேன். “யாருகிட்டங்க பேசறீங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்வதில்லை. சொல்லி முடித்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.