கொழும்புக் கிழங்கு பூத்த முதல் வெள்ளி

8 ஜூலை 1900, ஞாயிறு

கோர்ட்டு விடுமுறை. மகள் ஜரீனாவைக் கூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே ராஜபாளையம் சாலையில் போட்டிருக்கும் புதுத் தோட்டத்துக்குப் போனேன். நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்படி ஓர் இடமா! போன வருடம் வரை எருக்கும் கருவேலமும் மண்டிக் கிடந்த மேடு. இப்போது செம்மண் பாதை, இரு பக்கமும் மருதாணி வேலி, உட்காரக் கல் பலகைகள். யாரும் நுழையலாம், யாரும் உட்காரலாம்.

ஜரீனாவுக்கு ஆறு வயது. "அத்தா, இது யாரு வீடு?" என்றாள். யார் வீடும் இல்லை என்றேன். "அப்பம் நம்மள யாரு ஏசுவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டாள். அவளைப் பிடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

என் மனைவி மாஜிதா வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்கள் நடமாடும் இடத்துக்கு வருவதில்லை. அவர்களுக்காகத்தான் மாதத்தின் முதல் வெள்ளி, நாலு மணி முதல் ஆறு மணி வரை, பெண்களுக்கு மட்டும் என்று வாசலில் பலகை தொங்குகிறது. இதை யோசித்தவர் யாரோ, அவர் நன்றாயிருக்கட்டும்.

தோட்டக்காரர் வேல்சாமி என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். "அய்யா, இது காதர் முதலாளி குடுத்த கெழங்கு. நெதம் ரெண்டு கலயம் தண்ணி ஊத்துதேன்" என்றார். இரண்டு இலை விட்டிருந்தது.

காதர் என் தங்கை அசீனாவின் கணவர், ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம். மார்ச்சில் கொழும்பிலிருந்து பெரிய வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு வாங்கி வந்தார். அவர் வீட்டு முற்றமெல்லாம் கல் பாவியது. அதனால் இங்கே கொடுத்து நடச் சொன்னார். பூக்கட்டும், ஒரு முதல் வெள்ளியில் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று அசீனாவிடம் சொல்லியிருந்தாராம். மே முதல் தேதி வாந்திபேதியில் போய்விட்டார். ஒரே பகல். காலையில் சிரித்துப் பேசிய மனிதர்.

15 ஜூலை, ஞாயிறு

ராஜபாளையம் போய் அசீனாவைப் பார்த்தேன். இத்தா இருக்கிறாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது. பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிடுகிறாள் என்று அவள் மாமியார் என்னிடம் கண் கலங்கினார். நல்ல மனுஷி. மகனைப் பறிகொடுத்த துக்கத்திலும் மருமகளைத்தான் நினைக்கிறார்.

"இத்தா முடிஞ்சதும் எங்கம்மா போகணும்?" என்று கேட்டேன்.

"எங்கேயும் போகலண்ணே."

குரலே இல்லை. இருபத்திரண்டு வயது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரிக்கிறவள்! வேறு பேச்சுக் கிடைக்காமல் கிழங்கைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"மொளைச்சிருச்சா?"

எத்தனை இலை, என்ன நிறம், எவ்வளவு உயரம் — எல்லாம் கேட்டாள். நாலு மாதம் பத்து நாள் என்றால் செப்டம்பர் பதினொன்று. இந்த டைரியில் அந்தத் தேதிக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டேன். வாய்தா தேதி எழுதியே பழகிய கை. தப்பாது.

3 ஆகஸ்டு, வெள்ளி

மாஜிதாவும் ஜரீனாவும் தோட்டத்துக்குள். நான் வெளியே, வண்டி மாட்டோடு.

30 ஆகஸ்டு, வியாழன்

கிழங்கு தண்டு விட்டுவிட்டது! முழங்கை உயரம், நுனியில் மொட்டுக் கொத்து. ஒரு வாரத்தில் விரியும், விரிந்தால் மூன்று நாலு நாள் நிற்கும் என்கிறார் வேல்சாமி.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து டைரியைப் புரட்டினால் கணக்கு உதைக்கிறது. முதல் வெள்ளி செப்டம்பர் ஏழு. அசீனா வெளியே வரக்கூடிய நாள் பதினொன்று. அடுத்த பெண்கள் வெள்ளி அக்டோபரில். அதற்குள் பூ ஏது?

பெண்கள் நாளை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று மறுபடியும் போய் வேல்சாமியிடம் கேட்டேன். "நாளைத் தள்ளி என்ன அய்யா, பூவையில்ல தள்ளிவைக்கச் சொல்லணும்" என்று சிரித்தார். பறித்து அனுப்பலாமா என்றும் நினைத்தேன். மனம் வரவில்லை. மச்சான் அவளுக்குக் காட்டுவதாகச் சொன்னது நின்றுகொண்டிருக்கும் பூவை.

2 செப்டம்பர், ஞாயிறு

மாஜிதா துணைக்கு இருக்க ராஜபாளையம் போகிறாள். பூவைப் பற்றி மூச்சு விடாதே என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினேன்.

7 செப்டம்பர், வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரம் வாசலில் வண்டிக்காரர் கண்ணுச்சாமியின் கூண்டு வண்டி. மாஜிதா இறங்கினாள். பின்னால் திரையை விலக்கிக்கொண்டு — அசீனா!

"ஏட்டி மாஜிதா, உனக்குப் புத்தி இருக்கா? இன்னும் நாலு நாள் கெடக்கே!"

பதில் சொன்னது அசீனா. "அண்ணே, மதினிய ஏசாதீய. இத்தா முந்தாநாள் மகரிபு தொழுகையோட முடிஞ்சு போச்சு. அவிய மவுத்தானது முஹர்ரம் மொதப் பிறை. நாலு மாசம் முடிஞ்சு, பொறவு பத்து நாள். எல்லாப் பிறையும் முத்தத்துல இருந்தே பாத்தேன். எனக்கு வேற என்ன சோலி? நீங்க கோர்ட்டு மாசத்துல எண்ணியிருக்கீய. மாமியாளும் எண்ணிப் பாத்துதான் அனுப்பினாக."

இங்கிலீஷ் மாதம் பிறை மாதத்தைவிட நீளம் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். விரலை மடக்கி எண்ணிவிட்டு, "புள்ள கணக்குதான் சரி பீர் முகமது. நீ ஜனவரி பிப்ரவரிய கோர்ட்டுலயே வச்சிட்டு வா" என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிறத்தியாரைக் கேலி செய்தவன் நான்.

நாலு மணி. மூவரும் உள்ளே போனார்கள். நானும் கண்ணுச்சாமியும் வேல்சாமியும் வெளியே. வேல்சாமி சம்சாரம் சண்முகத்தாய்தான் உள்ளே காவல். வேலிக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜரீனாவின் குரல்.

"அத்தா, ஆறு பூ! மாமி பக்கத்துல உக்காந்து அழுது."

வேலிக்கு இந்தப் பக்கம் நான் என்ன செய்ய முடியும்? கூட்டி வந்ததே தப்போ? செருப்பைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன். எவ்வளவு நேரம் போனதோ. மறுபடியும் ஜரீனா.

"அத்தா, மாமி இப்பம் கடலை திங்குது. என் பங்கையும் தின்னுட்டு!"

உடனே உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. பழைய சிரிப்பு, தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. அழுதேன். கண்ணுச்சாமி மாட்டைத் தடவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டியில் ஏறும்போது அசீனா சொன்னாள்: "அண்ணே, வெள்ளைப் பூன்னுதான் அவிய சொன்னாவ. ஒவ்வொரு இதழ்லயும் நடுவுல ரோசாக் கலருல ஒரு கோடு ஓடுது. பாவம், அவியளுக்கே தெரியல."

8 செப்டம்பர், சனி

பதினொன்றாம் தேதியின் சிவப்பு வட்டத்தை அடிக்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சியாகக் கிடக்கட்டும்.

சோறு இறங்காமல், பேச்சு இல்லாமல், கல் முற்றத்தில் இருந்துகொண்டு ஒரு பிறை விடாமல் பார்த்திருக்கிறாளே. என் தங்கை என்று சொல்லிக்கொள்ள எனக்குத்தான் தகுதி வேண்டும். மூச்சு விடாதே என்ற சொல்லைக் கேட்காத மாஜிதாவுக்கும் ஒரு சலாம். நேரில் சொல்ல மாட்டேன்.

பிறை 10, ஜமாதுல் ஆகிர் (5 அக்டோபர், வெள்ளி)

பூ வாடித் தண்டும் சாய்ந்துவிட்டது, இந்த வெள்ளி சிரமப்பட்டு வரவேண்டாம் என்று அசீனாவுக்குப் போன வாரமே கார்டு போட்டிருந்தேன். மாஜிதாவுக்கும் ஜலதோஷம், நாங்கள் போகவில்லை.

கோர்ட்டு விட்டுச் சும்மா அந்தப் பக்கம் நடந்தேன். தோட்டத்து வாசலில் கண்ணுச்சாமியின் வண்டி, அதன் பின்னால் இன்னொரு வண்டி.

"தங்கச்சியம்மாதான் வந்திருக்காக. மாமியாரும் தெருப் பொம்பளையளும் கூட. ஒங்ககிட்டச் சொல்லலியா அய்யா?" என்றார் கண்ணுச்சாமி.

கிணற்றடியில் இப்போது வெறும் இலைதான். வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ எதற்கோ சிரித்தார்கள். அசீனா எதையோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைச் சொல்லவேண்டாம் என்று கண்ணுச்சாமிக்குக் கை காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.