செனாயில் இறங்காத லண்டன் விமானம்

அனுப்புநர்:
ரூபினி அய்யாவு,
தெப்ராவ், ஜொகூர் பாரு.

பெறுநர்:
தலைமை அதிகாரி,
விமானப் பயணிகள் தகவல் பிரிவு,
ஜொகூர் பாரு.

பொருள்: லண்டன்–செனாய் பயண நேரம் பற்றித் தங்கள் இணையப் பக்கத்தில் உள்ள தகவலும், அதனால் எங்கள் வீட்டில் ஏற்பட்டுள்ள குழப்பமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வரும் 14-ஆம் தேதி ஞாயிறு காலை என் மகள் பிரவீனாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது எங்கள் வழக்கம். அந்தத் தாய்மாமன், என் ஒரே அண்ணன் குணாளன், எட்டு வருடமாக லண்டனில் இருக்கிறார். இரண்டு தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அதிலிருந்து அப்பா அவருடன் பேசுவதில்லை.

2. இம்முறை டிக்கெட் எடுத்துவிட்டார். வெள்ளி இரவு ஏறி, சனி இரவு செனாயில் இறங்குவதாகச் சொன்னார். தங்கள் பக்கத்திலோ தூரம் சுமார் 10,800 கிலோமீட்டர், பயணம் 13 மணி நேரம் என்று இருக்கிறது. அப்படியானால் சனி காலையிலேயே அல்லவா வந்துவிட வேண்டும்? மிச்ச நேரம் எங்கே போனது? நம் கடிகாரம் ஏழு மணி நேரம் முந்தி ஓடுகிறது என்கிறார் என் கணவர் செல்வா. ஓடட்டும். அந்த ஏழு மணி நேரத்தைக் கூட்டினாலும் சனி மாலைதான் வருகிறது. திரும்பிப் போகும்போது அந்த ஏழும் அண்ணனுக்குத் திரும்பக் கிடைத்துவிடுமாம். யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது, ஐயா.

3. குழப்பம் என்னோடு நின்றிருந்தால் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். தங்கள் பக்கத்தைப் பார்த்த அப்பா, சென்ற ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து செனாய் விமான நிலையத்துக்கே போய், லண்டன் விமானம் எந்த வாசலில் வரும் என்று விசாரித்திருக்கிறார். "அங்கிள், லண்டன் பிளேன் இங்க வராது லா" என்று அங்கிருந்த பெண் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவர், "இல்லாத பிளேன்ல எப்படி வருவான்? இந்தத் தடவையும் பொய்தான். மடிக்கு வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

4. அண்ணனைக் கேட்டேன். நேராக வரும் விமானமே இல்லையாம். கோலாலம்பூரில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏற வேண்டுமாம். இல்லாத விமானத்துக்குத் தாங்கள் ஏன் நேரம் போட்டீர்கள்? அது வரைபடத்தில் கோடு கிழித்து அளந்த கணக்கு என்கிறார் செல்வா. அந்தக் கோட்டில் யார் உட்கார்ந்து வர முடியும்? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறேன். நாங்கள் சொல்வது எதையும் அப்பா காதில் போட்டுக்கொள்வதில்லை. "கவர்மெண்ட் போட்டது தப்பா இருக்குமா?" என்கிறார்.

5. ஆகவே அந்தப் பக்கத்தைத் திருத்துவதோடு, லண்டனிலிருந்து செனாய்க்கு விமானம் மாறித்தான் வர முடியும், சனி இரவு வருவதாக ஒருவர் சொன்னால் அது பொய்யாகாது என்று முத்திரையிட்டு ஒரு பதில் அனுப்பி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மலாயில் இருந்தாலும் போதும், அப்பா வாசிப்பார். 13-ஆம் தேதி சனிக்கிழமைக்கு முன் கிடைக்க வேண்டும். அவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் இன்று காலை முடி வெட்டி, சாயம் பூசிக்கொண்டு வந்து, சனி இரவு செனாய்க்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
ரூபினி அய்யாவு

இடம்: தெப்ராவ்
நாள்: 5 செப்டம்பர் 2025